ஐந்து முடிந்தது, ஆறாம் வகுப்புக்கு எங்கே? – வாசகர் கேள்வி பதில்

ஐந்தாம் வகுப்பு மூன்றாம் பருவத் தேர்வு முடிந்து மதிப்பெண் அட்டை கைக்கு வந்ததும் எங்களுக்கு வரும் கடிதக் கட்டு தடித்துவிடும். ஊர் பெயர்தான் மாறும். பிள்ளையை ஆறாவதுக்கு எங்கே போடுவது என்பதுதான் கேள்வி. இந்த முறை கொங்குப் பகுதியிலிருந்து வந்தவற்றை எடுத்துக்கொண்டோம். பொதுவாக ஒன்று சொல்லிவிடுகிறோம். ஆறாம் வகுப்பில் எந்த வகைப் பள்ளியில், எந்த மொழி வழியில் சேர்க்கிறீர்கள் என்பதை ஏழு ஆண்டு கழித்துக் கல்லூரிக் கலந்தாய்வில் திருப்பிப் பார்ப்பார்கள். இதை அறியாமல் சேர்த்துவிட்டு, பன்னிரண்டாவது முடிந்தபின் கேட்டு எழுதுபவர்களே அதிகம்.

பையன் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் ஐந்து முடிச்சிருக்கானுங்க. எல்லாப் பாடத்துலயும் 90-க்கு மேல, ஏ1 கிரேடு. டவுன்ல பெரிய பள்ளியில போட்டா தாங்குவானுங்களா?
– கைத்தறி நெசவாளர், சென்னிமலை

அந்த 90 எப்படி வந்தது என்று முதலில் பாருங்கள். நூற்றில் 40 மதிப்பெண் வளரறி மதிப்பீடு. செயல்பாடு, சிறு தேர்வு, ஒப்படைவு எல்லாம் சேர்ந்தது அது. மீதி 60 தான் பருவத் தேர்வில் எழுதி வாங்குவது. வளரறியில் 38, 39 என்று வருவது சாதாரணம். அதனால் 60-க்கு எவ்வளவு என்று வகுப்பு ஆசிரியரிடம் தனியாகக் கேளுங்கள். கணக்கில் 60-க்கு 52 வாங்கியவனும் 60-க்கு 40 வாங்கியவனும் ஒரே மாதிரி இல்லை; மொத்தத்தில் பார்த்தால் ஒருவனுக்கு 91, இன்னொருவனுக்கு 79. கிரேடு அட்டையில் இரண்டும் நல்ல எழுத்தாகத்தான் தெரியும்.

அடுத்து வீட்டிலேயே ஒரு சோதனை. 4032-ஐ 8-ஆல் வகுக்கச் சொல்லுங்கள். பக்கத்தில் உட்கார்ந்து, வாய் திறக்காமல் பாருங்கள். 40-ல் 8 ஐந்து முறை போகும், 5 எழுதுவான். அடுத்து 3-ஐ இறக்குவான். மூன்றில் எட்டு போகாது, அங்கே 0 போட வேண்டும். அதைப் போடாமல் 2-ஐயும் இறக்கி, 32-ல் நான்கு முறை என்று எழுதி 54 என்று விடை சொல்லும் பிள்ளைகள் ஏராளம். சரியான விடை 504. 54 என்று வந்தால் அவனுக்கு வகுத்தல் தெரியாது என்று பொருளில்லை, இடமதிப்பு கையில் நிற்கவில்லை. நாலாயிரத்தை எட்டுப் பேருக்குப் பிரித்தால் ஆளுக்கு 54 தான் வருமா என்று அவனே கேட்டுக்கொள்ளும் வரை பழக்குங்கள்.

இரண்டாவது, அரையும் மூன்றில் ஒன்றும் கூட்டினால் என்ன என்று கேளுங்கள். ஐந்தில் இரண்டு என்றால், மேலோடு மேலும் கீழோடு கீழும் கூட்டியிருக்கிறான். ஆறில் ஐந்துதான் விடை. ஐந்தில் இரண்டு அரையைவிடக் குறைவு, அரையோடு இன்னொன்றைக் கூட்டினால் குறையுமா என்று ஒரு ரொட்டியை வெட்டிக் காட்டினால் பத்து நிமிடத்தில் புரிந்துவிடும்.

மூன்றாவது, ஆறாம் வகுப்பு அறிவியல் புத்தகத்தை அவனிடம் கொடுங்கள். பாடநூல் கழக இணையதளத்தில் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். முதல் பாடம் ‘அளவீடுகள்’. ஒரு பத்தியை வாய்விட்டுப் படித்துவிட்டு, புத்தகத்தை மூடித் தன் பேச்சில் சொல்ல வேண்டும். தடுமாறாமல் படித்து, சொல்லத் தெரியாமல் விழித்தால் அதுதான் கவனிக்க வேண்டிய இடம். எண்ணும் எழுத்தும் திட்டத்தில் பாட்டு, அட்டை, செயல்பாடு என்று படித்த பிள்ளைக்கு ஆறாவதில் பக்கம் பக்கமாகப் பத்தி வரும். பலர் சறுக்குவது இந்தத் திருப்பத்தில்தான்.

மூன்றும் ஓரளவு வந்தால் எந்தப் பள்ளியிலும் தாங்குவான். வராவிட்டால் கோடை விடுமுறையில் தினமும் ஒரு மணி நேரம் போதும். பள்ளியை மாற்றிப் பயனில்லை. அரசுப் பள்ளிகளில் ஆறு முதல் ஒன்பதாம் வகுப்பு வரை அடிப்படையில் பின்தங்கியவர்களுக்குத் ‘திறன்’ வகுப்புகள் நடக்கின்றன. அதில் பெயர் வந்தால் கௌரவக் குறைச்சல் என்று எடுத்துவிடச் சொல்லாதீர்கள்.

பொண்ணுக்கு மூணு பள்ளி பார்த்து வெச்சிருக்கோம். அரசு மகளிர் மேல்நிலைப் பள்ளி 4 கிலோமீட்டர். அரசு உதவி பெறும் பள்ளி அடுத்த தெரு. தனியார் பள்ளி வேன் வாசலுக்கே வரும். உதவி பெறும் பள்ளியும் கவர்மெண்டு ஸ்கூல் மாதிரிதானுங்களே? சலுகை எல்லாம் ஒண்ணுதானே?
– தனியார் நிறுவன ஊழியர், பெருந்துறை

ஒன்றில்லை. ‘மாதிரிதானே’ என்று நினைத்துச் சேர்த்துவிட்டுப் பிறகு கைபிசைந்தவர்கள் பல பேர்.

2020-ல் வந்த சட்டப்படி மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு, ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு. அடுத்த ஆண்டு அதைப் பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம், மீன்வளம், சட்டம் ஆகிய படிப்புகளுக்கும் விரிவாக்கினார்கள். இதில் பொறியியல் போன்ற படிப்புகளில் சேர்பவர்களின் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம், கலந்தாய்வுக் கட்டணத்தை அரசே ஏற்கிறது. மாநகராட்சி, நகராட்சி, ஆதிதிராவிடர் நலப் பள்ளிகளும் இதில் அரசுப் பள்ளிதான். அரசு உதவி பெறும் பள்ளி இதில் வராது. ஆசிரியருக்குச் சம்பளம் அரசு கொடுத்தாலும் பள்ளி தனியாருடையது.

‘ஆறு முதல்’ என்பதை அடிக்கோடிட்டு வைத்துக்கொள்ளுங்கள். ஆறாவதை மட்டும் தனியாரில் படித்துவிட்டு ஏழாவதில் அரசுப் பள்ளிக்கு வந்தாலும் இந்த ஒதுக்கீடு போய்விடும். ஒரே விலக்கு, கல்வி உரிமைச் சட்டப்படி நலிந்த பிரிவுப் பிள்ளைகளுக்கு ஒதுக்கும் 25 சதவீத இடத்தில் தனியார் பள்ளியில் எட்டு வரை படித்து, ஒன்பதிலிருந்து அரசுப் பள்ளியில் படித்தவர்கள். அந்த 25 சதவீத இடம் எல்கேஜி அல்லது ஒன்றாம் வகுப்பில் மட்டுமே கிடைக்கும்; ஆறாவதில் புதிதாகக் கேட்க முடியாது.

கல்லூரிக்குப் போனபின் மாதம் 1000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டத்தின் கணக்கு கொஞ்சம் வேறு. 2022-ல் தொடங்கியபோது ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்த பெண்களுக்கு மட்டும் இருந்தது. 2024 டிசம்பர் முதல் அரசு உதவி பெறும் பள்ளியில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கும் உண்டு. பையன்களுக்கான தமிழ்ப் புதல்வன் 2024 ஆகஸ்டில் நம் கோவையில் தொடங்கியது. அதற்கும் இதே போலத்தான். ஆக, அடுத்த தெருப் பள்ளியில் தமிழ் வழியில் சேர்த்தால் மாதம் ஆயிரம் வரும், 7.5 வராது. அதே பள்ளியில் ஆங்கில வழியில் சேர்த்தால் இரண்டும் இல்லை.

எட்டாவதில் எழுதும் தேசிய வருவாய் வழித் தேர்வு அரசு, உதவி பெறும் பள்ளிப் பிள்ளைகள் இருவருக்கும் உண்டு. தேறினால் ஒன்பது முதல் பன்னிரண்டு வரை ஆண்டுக்கு 12,000 ரூபாய், குடும்ப வருமானம் மூன்றரை லட்சத்துக்குள் இருக்க வேண்டும். சுயநிதித் தனியார் பள்ளிப் பிள்ளை எழுத முடியாது.

எங்கள் கருத்து: அந்த 4 கிலோமீட்டருக்குப் பள்ளி நேரத்தில் அரசு டவுன் பஸ் இருந்தால் மகளிர் பள்ளி. சேர்க்கும் முன் ஒரு நாள் காலை இடைவேளை நேரத்தில் போய்க் கழிப்பறையில் தண்ணீர் வருகிறதா, கதவுக்குத் தாழ்ப்பாள் இருக்கிறதா என்று தாயார் நேரில் பார்க்கட்டும். பத்து பதினோரு வயதுப் பெண் பிள்ளைக்கு அதுவும் படிப்பில் சேர்ந்ததுதான். மூன்று மணி நேரப் பேச்சைவிட அந்தத் தாழ்ப்பாள் பள்ளியைப் பற்றி நிறையச் சொல்லும்.

இதுவரைக்கும் தமிழ் மீடியம். ஆறாவதுல இங்கிலீஷ் மீடியம் மாத்தலாமுங்களா? இப்ப மாத்தாட்டி எப்ப மாத்துறதுன்னு சொந்தக்காரங்க கேக்கறாங்க.
– விசைத்தறி உரிமையாளர், சோமனூர்

சொந்தக்காரர்கள் சொல்லாத ஒரு விஷயம் இருக்கிறது. தமிழ் வழியில் படித்தவர்களுக்கு அரசு வேலையில் 20 சதவீத முன்னுரிமை உண்டு. 2010-ல் வந்த அந்தச் சட்டத்தை 2020-ல் திருத்தினார்கள். இப்போது ஒன்றாம் வகுப்பிலிருந்து, அந்த வேலைக்குக் கேட்கும் படிப்பு வரை முழுவதும் தமிழ் வழியில் படித்திருக்க வேண்டும். பத்தாம் வகுப்புத் தகுதி கேட்கும் வேலைக்குப் பத்து வரை. பட்டம் கேட்டால் பட்டம் வரை. உங்கள் பையன் கையில் ஐந்து ஆண்டு இருக்கிறது. ஆறாவதில் மாற்றினால் அந்த ஐந்தும் செல்லாக்காசு. பிறகு கல்லூரியில் தமிழ் வழிக்கு வந்தாலும் அது திரும்பாது. வீட்டில் அரசு வேலை என்ற எண்ணமே இல்லை என்றால் இதை விட்டுத்தள்ளலாம்.

7.5 சதவீதத்துக்கு மீடியம் கணக்கில்லை என்பதையும் சேர்த்துச் சொல்கிறோம். அரசுப் பள்ளியிலேயே ஆங்கில வழிப் பிரிவில் சேர்த்தால் அந்த ஒதுக்கீடு நிற்கும், தமிழ் வழி முன்னுரிமை மட்டும் போகும்.

படிப்பு என்று பார்த்தால், அதே ‘அளவீடுகள்’ பாடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்கேலை நேராகப் பார்க்காமல் சாய்வாகப் பார்த்தால் அளவு தவறும். தமிழ்ப் புத்தகம் இதை ‘இடமாறு தோற்றப் பிழை’ என்கிறது. சொல்லைப் பிரித்தாலே பொருள் வந்துவிடுகிறது: பார்க்கும் இடம் மாறினால் தோற்றம் மாறும், பிழை வரும். ஆங்கிலப் புத்தகத்தில் அதற்குப் ‘பேரலாக்ஸ்’ என்று ஒரு சொல். பிள்ளைக்கு அது வெறும் சத்தம், உருப்போடத்தான் வேண்டும். அறிவியலிலும் சமூக அறிவியலிலும் பாடத்துக்கு இப்படிச் சில சொற்கள் வந்தால், இரண்டு மாதத்தில் பையன் கோனார் உரையைப் பார்த்துக் கேள்வி பதிலை மனப்பாடம் செய்பவனாகிவிடுவான். கணக்கில் அவ்வளவு சிரமம் இல்லை, வாழ்க்கைக் கணக்குகள் தவிர.

மாற்றுவது என்று முடிவு செய்துவிட்டால் ஏப்ரல், மே இரண்டு மாதமும் ஆங்கில வழி ஆறாம் வகுப்பு அறிவியல் புத்தகத்தில் தினமும் ஒரு பக்கம் படித்து, அர்த்தத்தைத் தமிழில் சொல்ல வையுங்கள். ஒரு பக்கத்தில் பதினைந்து சொல்லுக்கு மேல் தெரியவில்லை என்றால் பாரம் அதிகம். அப்படியிருந்தால் தமிழ் வழியிலேயே விட்டு, ஆங்கிலத்தை ஒரு பாடமாக ஒழுங்காகச் சொல்லிக்கொடுப்பதுதான் நல்லது. உயர்நிலைப் பள்ளிகளில் தமிழைப் பயிற்று மொழியாக்கியவர் பெரியநாயக்கன்பாளையம் வித்யாலயத்தை நிறுவிய அவினாசிலிங்கம், 1946 முதல் 1949 வரை சென்னை மாகாணக் கல்வி அமைச்சராக இருந்தபோது. கோவைக்காரர்கள் அதை மறந்துவிட்டோம்.

எங்க ஊர்ல 8 வரைக்கும் நடுநிலைப் பள்ளி இருக்கு. டவுன் மேல்நிலைப் பள்ளி 14 கிலோமீட்டர். எங்க போடறது?
– விவசாயி, அன்னூர்

நடுநிலைப் பள்ளியில் ஒன்றைக் கேளுங்கள். ஆறு முதல் எட்டுக்குக் கணக்கு, அறிவியல், ஆங்கிலத்துக்குப் பட்டதாரி ஆசிரியர் இருக்கிறாரா, அல்லது இடம் காலியா? ஆறு முதல் எட்டு வரை 35 பிள்ளைக்கு ஓர் ஆசிரியர் என்பதும், கணக்கு-அறிவியல், சமூக அறிவியல், மொழி மூன்றுக்கும் தனித்தனியாக ஆள் என்பதும் கல்வி உரிமைச் சட்டம் கேட்கும் அளவு. ஆள் இருந்தால் எட்டு வரை உள்ளூரிலேயே விடலாம்.

14 கிலோமீட்டர் என்பது பஸ்ஸில் ஏறி இறங்கி, காத்திருந்து, ஒரு வழிக்கு 50 நிமிடம் என்று வைத்துக்கொள்வோம். நாளுக்கு 100 நிமிடம். ஆறு முதல் எட்டு வரை ஆண்டுக்கு 220 வேலை நாள். 22,000 நிமிடம், அதாவது 366 மணி நேரம் வழியிலேயே போகும். காலை உணவுத் திட்டம் ஐந்தாவதோடு முடிகிறது. ஆறாவதிலிருந்து மதியச் சத்துணவு மட்டும். இத்தனை நாள் பள்ளியில் சாப்பிட்டுப் பழகிய பிள்ளை வெறும் வயிற்றோடு ஏழே காலுக்குப் பஸ் ஏறினால் முதல் இரண்டு பாடவேளை தூக்கம்தான்.

இலவச பஸ் பாஸ் அரசுப் பேருந்துக்கு மட்டும் என்பதையும் மறக்க வேண்டாம். நம் பகுதியில் பல தடத்தில் எட்டரை மணி வண்டி தனியார் வண்டியாகத்தான் இருக்கும். பாஸ் இருந்தும் டிக்கெட் வாங்கிப் போகும் பிள்ளைகள் நிறைய. சேர்க்கும் முன் ஒரு வாரம் ஸ்டாப்பில் நின்று எந்த வண்டி எத்தனை மணிக்கு வருகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். மாலை வண்டியைக் கட்டாயம் பாருங்கள். காலையில் நாலு வண்டி, சாயங்காலம் ஒன்று என்று இருக்கும் தடம்தான் ஆபத்து.

நாமக்கல் பக்கம் விடுதிப் பள்ளியில ஆறாவதுலயே சேர்த்தா டாக்டர் ஆகறது உறுதின்னு சொல்றாங்க. உண்மையா?
– கோழிப்பண்ணை உரிமையாளர், பல்லடம்

உறுதி என்று எழுதிக் கொடுக்கச் சொல்லிப் பாருங்கள்.

உங்கள் தொழிலிலிருந்தே ‘பிராய்லர் பள்ளி’ என்ற பெயர் வந்தது, உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மதிப்பெண் வாங்க வைக்கும் அந்தப் பள்ளிகளின் ஒழுங்கைக் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் அவர்களின் வித்தை ஒன்பதாவதிலேயே பத்தாவது பாடத்தை, பதினொன்றாவதிலேயே பன்னிரண்டாவது பாடத்தை எடுத்து இரண்டு ஆண்டு ஒரே புத்தகத்தைத் தேய்ப்பதில் இருந்தது. அதைத் தடுக்கத்தான் பதினொன்றாவதுக்கு 2017-18-ல் பொதுத் தேர்வு கொண்டுவந்தார்கள். 2025-ல் மாநிலக் கல்விக் கொள்கையோடு அந்தப் பொதுத் தேர்வை நீக்கிவிட்டார்கள். எனவே பழைய வழக்கம் திரும்பும் வாய்ப்பு உண்டு. நீட் தேர்விலோ பதினொன்றாவது பாடமும் பாதி வருகிறது. அதை விட்ட பிள்ளை அங்கே தடுமாறும்.

ஆறாவதில் அனுப்புவதில் எங்களுக்கு உடன்பாடில்லை. பதினோரு வயதில் துணி துவைக்க, உடம்பு சரியில்லை என்று வாய்விட்டுச் சொல்லப் பழகாத பிள்ளைக்கு விடுதி முதல் ஆறு மாதம் வெறும் அழுகை. அப்படியும் அனுப்புவதானால் ஒன்பதாவதில் அனுப்புங்கள். அப்போதும் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளின் நோட்டைக் காட்டச் சொல்லுங்கள். ஆகஸ்டு மாத நோட்டில் ஒன்பதாவது பாடம் இருக்கிறதா, பத்தாவதா என்று தெரிந்துவிடும். அரசின் மாதிரிப் பள்ளிகளும் மாவட்டத்துக்கு ஒன்றாக, ஒன்பதிலிருந்து விடுதியோடு இருக்கின்றன. அங்கே படித்தால் 7.5-ம் நிற்கும், ஆறிலிருந்து எட்டு வரை அரசுப் பள்ளியில் இருந்திருந்தால்.

அமராவதிநகர் சைனிக் பள்ளியில் சேர்க்க என்ன செய்ய வேண்டும்? பையனுக்குப் பத்து வயது ஆகிறது.
– ஒரு தந்தை, உடுமலைப்பேட்டை

இந்த ஆண்டு சேர்க்கை முடிந்திருக்கும். அடுத்த ஆண்டு முயல அவன் வயது இடம் தருகிறதா என்று முதலில் பாருங்கள். சேரும் ஆண்டு மார்ச் 31 அன்று 10 முதல் 12 வயதுக்குள் இருக்க வேண்டும். ராணுவ அதிகாரிப் பணிக்குப் பிள்ளைகளைத் தயார்செய்யும் விடுதிப் பள்ளி இது, 1962-ல் தொடங்கியது. 2021-22 முதல் பெண் பிள்ளைகளையும் சேர்க்கிறார்கள், ஆகவே தங்கை இருந்தால் அவளையும் நினைவில் வையுங்கள். நுழைவுத் தேர்வைத் தேசியத் தேர்வு முகமை நடத்துகிறது. விண்ணப்பம் பெரும்பாலும் ஆண்டின் கடைசி மாதங்களில் வரும். ஐந்தாவதில் படிக்கும்போதே போட்டுவிட வேண்டும்.

ஆறாம் வகுப்புக்கான தேர்வில் 125 கேள்வி, 300 மதிப்பெண், 150 நிமிடம். கணக்கு 50 கேள்வி, ஒவ்வொன்றுக்கும் 3 மதிப்பெண். மொழி, பொது அறிவு, நுண்ணறிவு தலா 25 கேள்வி, ஒவ்வொன்றுக்கும் 2. பாதி மதிப்பெண் கணக்கில் இருக்கிறது என்பதைப் பாருங்கள். தவறான விடைக்குக் குறைக்க மாட்டார்கள், ஆகவே ஒரு வட்டமும் காலியாக விடக் கூடாது. ஒவ்வொரு பகுதியிலும் 25 சதவீதம், மொத்தத்தில் 40 சதவீதம் எடுத்தாக வேண்டும். பட்டியல் சாதி, பழங்குடிப் பிள்ளைகளுக்கு இந்த வரம்பு இல்லை. அதாவது கணக்கில் குறைந்தது 13 சரி, மற்ற மூன்றில் தலா 7 சரி, எல்லாம் சேர்த்து 300-க்கு 120 மதிப்பெண். இது வாசற்படிதான், இடம் கிடைப்பது தர வரிசையில்.

ஆறாவதுக்கான தேர்வைத் தமிழில் எழுதலாம். ஆனால் சேர்ந்தபின் சிபிஎஸ்இ பாடம், ஆங்கிலத்தில். மாநிலப் பாடத்திட்டப் பிள்ளைகள் தோற்பது பெரும்பாலும் நுண்ணறிவில். எண் தொடர், கண்ணாடிப் பிம்பம், திசை, கடிகார முள் போன்றவை நம் புத்தகத்தில் தனியாக இல்லை. மூன்று மாதம் பழகினால் வந்துவிடும். இன்னொரு தடுக்கல், விடைத்தாளில் வட்டம் நிரப்புவது. ஒரு கேள்வியை விட்டுவிட்டு அடுத்ததன் விடையை அதன் வட்டத்தில் நிரப்பி, அங்கிருந்து எல்லாம் ஒன்று தள்ளிப்போன பிள்ளைகள் உண்டு. மாதிரித் தாளை அச்செடுத்து நேரம் வைத்துப் பழக்குங்கள்.

தனியார் பள்ளியில் நுழைவுத் தேர்வு வைத்து, ‘நன்கொடை’ தனியாகக் கேட்கிறார்கள். இது முறைதானா? கட்டணம் எவ்வளவு வாங்கலாம்?
– எண்ணெய் ஆலை ஊழியர், வெள்ளகோவில்

முறையில்லை. எட்டாம் வகுப்பு வரை சேர்க்கைக்குப் பிள்ளையையோ பெற்றோரையோ சலித்தெடுக்கும் தேர்வு, நேர்காணல் எதுவும் கூடாது என்கிறது கல்வி உரிமைச் சட்டத்தின் 13-ஆம் பிரிவு. தேர்வு வைத்தால் முதல் முறை 25,000, அடுத்தடுத்து 50,000 ரூபாய் வரை அபராதம். நன்கொடை வாங்கினால் வாங்கியதைப் போல் பத்து மடங்கு வரை. சிறுபான்மையினர் நடத்தும் பள்ளிகளுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள்.

கட்டணத்தை 2009-ஆம் ஆண்டுச் சட்டப்படி கட்டண நிர்ணயக் குழு பள்ளிவாரியாக நிர்ணயிக்கிறது. அந்த ஆணையைக் காட்டச் சொல்லுங்கள். கட்டிய ஒவ்வொரு ரூபாய்க்கும் ரசீது வாங்குங்கள். ‘இதுக்கு ரசீது கிடையாதுங்க’ என்றால் அது எந்த வகைப் பணம் என்று உங்களுக்கே தெரியும். புகார் மாவட்டக் கல்வி அலுவலரிடம் போகலாம்; தனியார் பள்ளிகளுக்கென்றே ஒருவர் இருக்கிறார். 14417 என்ற உதவி எண்ணும் உண்டு.

ஒரு கணக்கு போட்டுக் காட்டுகிறோம். கல்விக் கட்டணம் 35,000, வேன் 15,000, புத்தகம் சீருடை 10,000 என்று முதல் ஆண்டில் 60,000 என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆண்டுக்கு 10 சதவீதம் கூடினால் பன்னிரண்டு முடிய ஏழு ஆண்டில் சுமார் 5 லட்சத்து 69 ஆயிரம். முதல் ஆண்டுத் தொகையை மட்டும் பார்த்துச் சேர்த்துவிட்டு ஒன்பதாவதில் கட்ட முடியாமல் நிறுத்தும் குடும்பங்களுக்கு வரும் அடி பெரியது. பிள்ளை நண்பர்களை விட்டு, பத்தாவதுக்கு முந்தைய ஆண்டில் புதுப் பள்ளிக்குப் போக வேண்டும். ஆறாவதிலேயே அரசுப் பள்ளியில் சேர்த்திருந்தால் கிடைத்திருக்கும் 7.5-ம் இல்லை. ஏழு ஆண்டும் கட்ட முடியுமா என்று பார்த்தபின் சேருங்கள்.

பழைய பள்ளியில் கட்டண பாக்கி இருப்பதால் டிசி தர மறுக்கிறார்கள். புதிய பள்ளியிலோ ‘எமிஸ்ல பேர் வரலை’ என்கிறார்கள்.
– பனியன் தொழிலாளி, திருப்பூர்

இரண்டும் வேறு வேறு முடிச்சு. பாக்கியை வசூலிக்க டிசியைப் பிடித்து வைக்கக் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2024-ல் சொல்லியிருக்கிறது. டிசி தாமதமாகிறது என்பதற்காக எட்டு வரை சேர்க்கையை மறுக்கக் கூடாது என்று கல்வி உரிமைச் சட்டமும் சொல்கிறது. டிசி கேட்டு எழுத்தில் கடிதம் கொடுத்து, நகலில் கையெழுத்து வாங்குங்கள். வாய்ப்பேச்சுக்கு எந்த அலுவலகத்திலும் மதிப்பில்லை.

எமிஸ் என்பது பள்ளிக் கல்வித் துறையின் மாணவர் பதிவேடு. பழைய பள்ளி பிள்ளையின் பெயரைத் தன் பட்டியலிலிருந்து பொதுத் தொகுப்புக்கு விடுவித்தால்தான் புதிய பள்ளி எடுத்துக்கொள்ள முடியும். காகித டிசி கையில் இருந்தும் இது நடக்காமல் ஜூன் முழுவதும் அலையும் பெற்றோர் பலர். டிசி வாங்கும்போதே ‘எமிஸ்ல விடுவிச்சாச்சுங்களா’ என்று கேட்டு எமிஸ் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள்.

டிசியை வாங்கிய இடத்திலேயே நின்று நான்கு விஷயம் சரிபாருங்கள்: பெயர் தமிழிலும் ஆங்கிலத்திலும், முன்னெழுத்து, பிறந்த தேதி, தாய் தந்தை பெயர். பிறப்புச் சான்றிதழில் ‘சண்முகபிரியா’, ஆதாரில் ‘ஷண்முகப்ரியா’, டிசியில் ‘சண்முகப்பிரியா’ என்று மூன்று வகையாக இருந்தால் இப்போதே ஒன்றாக்குங்கள். பத்தாம் வகுப்புச் சான்றிதழ் அச்சானபின் திருத்துவது பெரிய வேலை. அதுவரை தலைமை ஆசிரியர் அளவிலேயே முடியும்.

மலைக் கிராமம். ஆறாவதுக்குப் பக்கத்தில் பள்ளி இல்லை.
– கடம்பூர், சத்தியமங்கலம் வட்டம்

சமூகநீதி விடுதிகள் என்று 2025-ல் பெயர் மாற்றப்பட்ட அரசு விடுதிகளில் இடம் கேளுங்கள். உணவும் தங்குமிடமும் இலவசம். பிற்படுத்தப்பட்டோர் விடுதிக்கு வீடு 8 கிலோமீட்டருக்கு அப்பால் இருக்க வேண்டும் என்ற விதி உண்டு, பெண் பிள்ளைகளுக்கு அது கிடையாது. பழங்குடிப் பிள்ளை என்றால் பழங்குடியினர் நல உண்டு உறைவிடப் பள்ளி, ஆறாவதில் தேர்வு வைத்துச் சேர்க்கும் ஏகலைவா உண்டு உறைவிடப் பள்ளி இரண்டையும் விசாரியுங்கள். சாதிச் சான்றிதழை இப்போதே எடுத்து வையுங்கள். ஜூன் மாதம் இ-சேவை மையத்தில் கூட்டம் தாங்காது.

என் மகள் வாயால் கேட்டால் எல்லாம் சொல்கிறாள். எழுதினால் எழுத்து மாறிப்போகிறது. எந்தப் பள்ளி சரி?
– ஒரு தாய், பொள்ளாச்சி

பள்ளிக்கு முன் பரிசோதனை. கற்றல் குறைபாடு இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். உங்கள் வட்டார வள மையத்தில் சிறப்புப் பயிற்றுநர் இருப்பார், அங்கே காட்டிவிட்டு அரசு மருத்துவமனைக்குப் போங்கள். குறைபாடு உறுதியானால் சான்றிதழ் வாங்குங்கள். பத்தாம் வகுப்புப் பொதுத் தேர்வில் கூடுதலாக ஒரு மணி நேரம், சொல்வதை எழுதுபவர், ஒரு மொழிப் பாடத்திலிருந்து விலக்கு ஆகியவை அதை வைத்துத்தான் கிடைக்கும். ஒன்பதாவதின் கடைசியில் ஓடாதீர்கள்.

பள்ளியைப் பொறுத்தவரை ஒரு வகுப்பில் பிள்ளைகள் குறைவாக உள்ள இடம் நல்லது. மாநிலப் பாடத்திட்டத்தை விட்டு சிபிஎஸ்இக்கு மாற்ற வேண்டாம். அங்கே ஆறு முதல் எட்டு வரை மூன்றாவதாக ஒரு மொழி. மற்றவர்கள் முன்பே படித்து வந்த இந்தியை உங்கள் மகள் அ, ஆ-விலிருந்து தொடங்க வேண்டியிருக்கும். இரண்டு எழுத்து முறைக்கே திணறும் பிள்ளைக்கு மூன்றாவது எதற்கு? தலைமை ஆசிரியரைப் பார்க்கும்போது மகளின் குறையை மறைக்காமல் சொல்லுங்கள். அவர் முகம் சுளித்தால் அடுத்த பள்ளியைப் பாருங்கள். வகுப்பு ஆசிரியர் பெயரைக் கேட்டுக்கொண்டு, ஜூன் முதல் வாரத்தில் அவரையும் ஒரு முறை தனியாகப் பாருங்கள்.